கல்லூரி வாசலுக்கு முன்னும் பின்னும்

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த கையோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனால், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் முன்னால் பிள்ளைகளோடு பெற்றோர் காத்திருப்பதைப் பார்க்கலாம். கையில் மதிப்பெண் பட்டியல் இருக்கும். கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் நெருங்கியிருக்கும். இல்லாதது சான்றிதழ் ஒன்றுதான். சிலரிடம் சான்றிதழும் இருக்கும். ஆனால் அது பிள்ளை ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது வாங்கியது, புதுப்பிக்க வேண்டிய தேதி எப்போதோ கடந்துபோனது. மருத்துவக் குழு கூடும் நாள் அடுத்த வாரம் என்பார்கள். அதற்குள் இணையதளம் மூடிவிடும்.

இப்படித்தான் சட்டம் கொடுத்த இடம் கை நழுவுகிறது. எந்த அதிகாரியும் மறுக்கவில்லை, எந்தக் கல்லூரியும் விரட்டவில்லை; ஆனாலும் ஓர் ஆண்டு போய்விட்டது. உயர்கல்விக்கான ஆயத்தம் பிளஸ் ஒன்னில் தொடங்க வேண்டும் என்று இந்த அத்தியாயம் வலியுறுத்துவதற்கு இதுவே காரணம்.

சட்டத்தைப் பொறுத்தவரை மாணவர்கள் பக்கம் பலமாகவே இருக்கிறது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக விரித்தது. பார்வை, செவி, கை கால் பாதிப்பு மட்டுமே அல்ல. ஆட்டிசம், டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு, தசைச் சிதைவு, மனநோய், ஹீமோபிலியா, தலசீமியா, அமில வீச்சுக்கு ஆளானோர், உயரம் குன்றியோர் எல்லாரும் இப்போது அதற்குள் வருகிறார்கள். அரசுக் கல்லூரிகளும் அரசு உதவி பெறும் கல்லூரிகளும் குறைந்தது 5 சதவீத இடங்களை, 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள மாணவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது 32ஆவது பிரிவு. சேர்க்கைக்கான வயது வரம்பில் 5 ஆண்டுத் தளர்வும் அதே பிரிவில் இருக்கிறது.

நடப்பு வேறு கணக்கைச் சொல்கிறது. 2020-21ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் படித்தவர்கள் சுமார் 4.13 கோடி பேர். அவர்களில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 79,000. ஆயிரம் பேருக்கு இரண்டு பேர் கூட முழுதாகத் தேறவில்லை. பள்ளிப் பருவத்திலேயே பலர் நின்றுவிடுவது இதற்குப் பெரிய காரணம். பிளஸ் டூ வரை வந்து, தேர்ச்சியும் பெற்று, அங்கிருந்து கல்லூரி வரை உள்ள சில மாதங்களில் காணாமல் போகிறவர்களையாவது காப்பாற்றலாம். அது வீட்டாராலும் பள்ளி ஆசிரியராலும் ஆகக்கூடிய காரியம்.

சான்றிதழும் சதவீதமும்

முதலில் யுடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டை. நாடு முழுவதும் செல்லுபடியாகும் இந்த அட்டைக்கு ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்தால், அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழு பரிசோதித்துச் சதவீதத்தைக் குறிக்கும். வெள்ளை அட்டை என்றால் 40 சதவீதத்துக்குக் கீழ், மஞ்சள் என்றால் 40 முதல் 80க்குள், நீலம் என்றால் 80ம் அதற்கு மேலும். பழைய புத்தக வடிவ அடையாள அட்டையை மட்டும் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. இணையத்தில் விண்ணப்பிக்கும் இடங்களில் யுடிஐடி எண்ணைத்தான் கேட்கிறார்கள் என்பதால் இதை ஒத்திப்போடக் கூடாது.

அட்டை கைக்கு வந்ததும் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: பெயரும் பிறந்த தேதியும் பள்ளிச் சான்றிதழோடும் ஆதாரோடும் ஒத்துப்போகின்றனவா, குறைபாட்டின் வகை சரியாக எழுதப்பட்டிருக்கிறதா, அட்டை நிரந்தரமானதா தற்காலிகமானதா. பெயரில் ஒரு இனிஷியல் மாறியிருந்தால் கூடக் கலந்தாய்வில் சான்றிதழ் சரிபார்க்கும்போது இழுபறியாகும்.

கற்றல் குறைபாடுள்ள மாணவர்கள் வீட்டில் கூடுதல் கவனம் தேவை. 2018ல் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டியின்படி, இந்தக் குறைபாட்டுக்கு 8 வயதிலிருந்து சான்றிதழ் தரலாம். 14 வயதிலும் 18 வயதிலும் மறு மதிப்பீடு செய்ய வேண்டும். 18 வயதில் தருவதே ஆயுளுக்கும் செல்லும். இந்த 18 வயது சரியாகக் கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் வந்து விழுகிறது. பத்தாம் வகுப்புத் தேர்வில் சலுகை வாங்கித் தந்த தாள் கல்லூரியில் போதாமல் போவது இதனால்தான். பிளஸ் டூ படிக்கும்போதே பிறந்தநாளைக் கணக்கில் வைத்து மறு மதிப்பீட்டுக்குத் தேதி வாங்கிவிடுவது நல்லது.

40 சதவீதத்துக்குக் கீழே குறித்துவிட்டார்கள், எல்லாம் போயிற்று என்று மனம் உடைய வேண்டியதில்லை. இட ஒதுக்கீட்டுக்குத்தான் 40 சதவீதம் கட்டாயம். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்பு கொண்ட ஒருவருக்கு, 40 சதவீதம் இல்லை என்று சொல்லி, மத்தியப் பணியாளர் தேர்வாணையம் ஸ்கிரைப் மறுத்திருந்தது. எழுத முடியாதவருக்கு எழுதித் தர ஆள் தேவைப்படுகிறது. அந்தத் தேவையைச் சதவீதத்தால் அளக்க முடியாது என்ற திசையில் தீர்ப்பு போயிற்று. அதன் தொடர்ச்சியாக 2022 ஆகஸ்டில், 40க்குக் கீழே பாதிப்பிருந்தும் எழுதச் சிரமப்படுகிறவர்களுக்கான தனி விதிமுறைகளை மத்திய அரசு வெளியிட்டது.

கலந்தாய்வில்

தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கையிலும் அரசு கலை அறிவியல் கல்லூரிச் சேர்க்கையிலும் சிறப்புப் பிரிவினருக்கான கலந்தாய்வு முதலில் நடக்கிறது. பொதுக் கலந்தாய்வின் தேதியை மட்டும் நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொண்டு காத்திருந்தவர்கள், தங்களுக்கான நாள் கடந்துபோன பிறகு விசாரிக்க வருவதுண்டு. விண்ணப்பத்தில் சிறப்புப் பிரிவு என்ற கட்டத்தை நிரப்பாமல் விட்டாலும் அதே கதிதான். பிரவுசிங் சென்டரில் வேறு ஒருவர் விண்ணப்பத்தை நிரப்பினால், அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் அந்தக் கட்டத்தைப் பெற்றோர் தாங்களே படித்துப் பார்க்க வேண்டும்.

மருத்துவப் படிப்புக்கு வழி தனி. நீட் தேர்வெழுதி 5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கேட்பவர், இதற்கென்று குறிக்கப்பட்ட மருத்துவ நிறுவனங்களில் ஒன்றில் பரிசோதனைக்குப் போக வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரி அவற்றில் ஒன்று. மாவட்ட மருத்துவக் குழுவின் சான்றிதழ் மட்டும் போதாது.

நெடுங்காலம் மருத்துவக் கல்வியில் ஒரு கொடிய முரண்பாடு இருந்தது. ஒதுக்கீடு வேண்டுமென்றால் 40 சதவீதம் பாதிப்பு வேண்டும்; அதே 40 சதவீதத்தைக் காட்டிச் சில வகைப் பாதிப்புள்ளவர்களை மருத்துவம் படிக்கத் தகுதியற்றவர் என்று ஒதுக்கவும் விதி இருந்தது. மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த, பேச்சில் பாதிப்புள்ள ஒரு மாணவரின் வழக்கில் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதற்கு முடிவு கட்டியது. சதவீதத்தை மட்டும் வைத்துத் தள்ளக் கூடாது. இந்த மாணவரால் படிப்பை முடிக்க முடியுமா என்பதை மருத்துவக் குழு ஆராய்ந்து காரணத்தோடு எழுத வேண்டும் என்றது ஓம்கார் கோண்ட் வழக்கின் தீர்ப்பு. இரண்டு கைகளும் முழுமையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று 2025 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் கண்டித்தது. டாக்டராக ஆசைப்படும் பிள்ளையிடம் "உனக்கு ஆகாது" என்று வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிட இனி யாருக்கும் நியாயமில்லை. 1960களில், போலியோவால் சக்கர நாற்காலியில் இருந்த சுரேஷ் அத்வானிக்கு மும்பையில் மருத்துவக் கல்லூரி இடத்தை முதலில் மறுத்தார்கள். போராடி இடம் வாங்கிப் படித்தார். இந்தியப் புற்றுநோய் மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவராகி, 2012ல் பத்மபூஷண் பெற்றார்.

எந்தப் படிப்பு?

"கம்ப்யூட்டர் படிக்கட்டும், உட்கார்ந்த வேலை கிடைக்கும்." "பி.ஏ. தமிழ் சேர்த்துவிடுங்கள், லேப் கிடையாது." "எதற்கு அலைச்சல், தொலைதூரக் கல்வியில் சேர்த்தால் வீட்டிலேயே இருக்கலாம்." உறவினர்களும் சில ஆசிரியர்களும் பிரியத்தோடுதான் இதையெல்லாம் சொல்கிறார்கள். ஆனால் பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று கேட்காமலே சொல்கிறார்கள். தொலைதூரக் கல்வி சிலருக்கு உண்மையிலேயே பொருந்தும். நீண்ட சிகிச்சையில் இருப்பவருக்கு அது வரம். எடுத்த எடுப்பில் எல்லாருக்கும் அதையே காட்டுவது, கல்லூரி தன் படிக்கட்டை மாற்றிக்கொள்ள வேண்டிய பொறுப்பிலிருந்து அதை விடுவிப்பதாகும். நண்பர்கள், நூலகம், விவாதம், விடுதி, வளாக நேர்காணல் எல்லாம் சேர்ந்ததுதான் கல்லூரி. அதில் பாதியை ஒரு மாணவர் ஏன் இழக்க வேண்டும்?

ஆந்திரத்தின் மச்சிலிப்பட்டினம் அருகே ஒரு கிராமத்தில் பார்வையின்றிப் பிறந்த ஸ்ரீகாந்த் பொல்லா, பத்தாம் வகுப்புக்குப் பிறகு அறிவியல் பிரிவு கேட்டார். பார்வையற்றோருக்கு அது கிடையாது என்றார்கள். நீதிமன்றம் போய் அந்த இடத்தை வாங்கினார். பிறகு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்துத் திரும்பி, மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தரும் தொழிற்சாலையைத் தொடங்கினார். சென்னையின் பெனோ செபைன், முழுப் பார்வையிழப்போடு ஸ்டெல்லா மேரிஸ் கல்லூரியில் ஆங்கில இலக்கியமும் லயோலாவில் முதுகலையும் படித்து, 2015ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். அந்தப் பணியில் சேர்ந்த முதல் முழுப் பார்வையற்றவர் அவர்.

கும்பகோணத்தில் பிறந்த மாளவிகா ஐயரின் கதையில் இன்னொரு பாடம் உண்டு. 2002ல், 13 வயதில், ராஜஸ்தானின் பிகானேரில் ஒரு கையெறி குண்டு வெடித்து இரு கைகளையும் இழந்தார். கால்களிலும் பலத்த காயம். சென்னையில் நீண்ட சிகிச்சைக்குப் பின் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக, ஸ்கிரைப் உதவியோடு எழுதி மாநில அளவில் தர வரிசையில் வந்தார். டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸில் பொருளாதாரம், பிறகு சமூகப் பணி, கடைசியில் சென்னை சமூகப்பணிக் கல்லூரியில் முனைவர் பட்டம். பள்ளியை இடையில் விட்ட பிள்ளைக்கும் வழி அடைபடவில்லை என்பதற்கு அவரே சான்று.

இந்தப் பெயர்களைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இவர்கள் அசாதாரணமான உழைப்பாளிகள். ஒரு சராசரி மாணவர் சராசரியாகப் படித்து, சராசரி மதிப்பெண்ணோடு ஒரு பட்டம் வாங்கவும் கல்லூரி இடம் தர வேண்டும். சாதனையாளராக இருந்தால்தான் சாய்தளம் கிடைக்கும் என்ற நிலை இருக்கக் கூடாது.

இஞ்சு டேப்போடு ஒரு நாள்

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன், முடிந்தால் மாணவரை அழைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க வளாகத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலோடோ வரும் மாணவருக்கு விளக்கக் கையேட்டிலுள்ள படங்கள் எதையும் சொல்லாது. பேருந்து நிறுத்தத்திலிருந்து வாசலுக்கு எவ்வளவு தூரம், வாசலிலிருந்து துறைக்கு எவ்வளவு தூரம், வழியில் எத்தனை படி, லிஃப்ட் இருந்தால் அது ஓடுகிறதா, மாணவர்களுக்குத் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாய்தளத்தின் சரிவு 1க்கு 12 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது அரசின் கட்டட வழிகாட்டி. தரைத்தளம் 1 அடி உயரத்தில் இருந்தால் சாய்தளம் 12 அடி நீளம் வர வேண்டும். பல இடங்களில் 4 அடியில் முடித்திருப்பார்கள். அதில் நாற்காலி ஏறாது, ஏறினாலும் பின்னால் சரியும். கதவின் அகலம் 90 சென்டிமீட்டர் வேண்டும். இஞ்சு டேப்பால் அளந்து எழுதிக்கொண்டால் பின்னால் முதல்வரிடம் பேசும்போது உதவும்.

கழிப்பறையைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. காலையில் கிளம்பி மாலை வீடு திரும்பும் வரை தண்ணீரே குடிக்காமல் இருக்கும் மாணவிகள் உண்டு. சிறுநீரகத் தொற்றில் கொண்டுபோய் விடும் பழக்கம் அது. பயன்படுத்தக்கூடிய ஒரு கழிப்பறை இல்லாத கல்லூரியில் மற்ற எந்த வசதியும் அரைகுறைதான்.

பழைய கட்டடம், லிஃப்ட் வைக்க இடமில்லை என்று நிர்வாகம் சொல்லலாம். அப்போது கேட்க வேண்டியது வேறு: அந்த வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்ற முடியுமா? கால அட்டவணையில் அறை எண்ணை மாற்றச் செலவே இல்லை. நியாயமான தகவமைப்பு என்று சட்டம் சொல்வது இத்தகைய மாற்றங்களைத்தான். இந்தக் கடமை அரசு நிதி பெறும் கல்லூரிகளோடு நிற்கவில்லை. அரசு அங்கீகாரம் பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களையும் 16ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆகவே 5 சதவீத ஒதுக்கீடு பொருந்தாத சுயநிதிக் கல்லூரியிலும் சாய்தளமும் தேர்வுச் சலுகையும் கேட்டுப் பெறலாம்.

கேட்பதை எழுத்தில் கேட்க வேண்டும். சேர்ந்த முதல் வாரத்தில் முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம், துறைத் தலைவருக்கு ஒரு நகல், கல்லூரியில் சமவாய்ப்பு மையம் இருந்தால் அதற்கும் ஒன்று. இந்த மாதிரி எழுதலாம்:

"பி.காம். முதலாம் ஆண்டில் சேர்ந்துள்ளேன். எனக்கு 60 சதவீதப் பார்வைக் குறைபாடு உள்ளது. யுடிஐடி அட்டையின் நகலை இணைத்துள்ளேன். வகுப்பில் முதல் வரிசையில் இடமும், பாடக் குறிப்புகள் யூனிகோட் எழுத்துருவில் மென்பிரதியாகவும், எல்லா உள்மதிப்பீட்டுத் தேர்வுகளிலும் பருவத் தேர்வுகளிலும் கூடுதல் நேரமும் ஸ்கிரைபும் தேவைப்படுகின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவுகள் 16, 17ன் கீழ் இவற்றை ஏற்பாடு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்."

கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான முதல்வர்கள் நல்லெண்ணத்தோடுதான் இருப்பார்கள். ஆனால் முதல்வர் மாறுவார், துறைத் தலைவர் மாறுவார், தாள் மட்டும் கோப்பில் இருக்கும்.

படிப்பதும் கேட்பதும்

பார்வையற்ற தமிழ் வழி மாணவர்களுக்கு நடைமுறையில் பெரிய தடையாக இருப்பது எழுத்துரு. கணினித் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள் இன்று இலவசமாகவே கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற நிரலாளர்களான மைக்கேல் கரனும் ஜேம்ஸ் டேயும் உருவாக்கிய என்விடிஏ 2006லிருந்து இருக்கிறது, தமிழையும் வாசிக்கும். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் இருக்கிறது. ஆனால் இவை யூனிகோடில் உள்ள தமிழைத்தான் வாசிக்கும். பேராசிரியர் பத்து ஆண்டுக்கு முன் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த குறிப்பை அனுப்பினால், 'அம்மா' என்ற சொல்லையே மென்பொருள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று உளறும். பார்க்கிறவர் கண்ணுக்கு அது அழகான தமிழ். கேட்கிறவருக்கு ஒரு வரியும் விளங்காது. அனுப்புகிறவருக்கு இந்தச் சிக்கல் தெரியாது என்பதால் மாணவர் தயங்காமல் சொல்ல வேண்டும். பாமினி, வானவில் எழுத்துருக்களை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உள்ளன. நிமிடத்தில் வேலை முடியும்.

ஸ்கேன் செய்த பக்கங்கள் இன்னொரு தொல்லை. அது வெறும் படம் என்பதால் மென்பொருள் மௌனமாகிவிடும். அந்தக் கோப்பை கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்துகளாக மாறிவரும். அச்சுத் தெளிவாக இருந்தால் பிழைகள் குறைவு. வகுப்புத் தோழர்கள் ஆளுக்கு ஒரு பாடம் பிரித்துக்கொண்டு இப்படி மாற்றித் திருத்திக் கொடுத்தால், ஒரு பருவத்துக்கான நூல்கள் சில வாரங்களில் தயாராகிவிடும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள வேலை கிடைப்பது அரிது.

நூலை ஸ்கேன் செய்தால் காப்புரிமைச் சிக்கல் வருமோ என்று நூலகர் தயங்கலாம். 2012ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்கேற்ற வடிவில் நூலை மாற்றித் தருவதை வெளிப்படையாக அனுமதிக்கிறது. அச்சு நூலைப் படிக்க இயலாதோருக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014ல் உலகிலேயே முதலாவதாக ஏற்ற நாடும் இந்தியாதான். 2016ல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் இந்திய மொழி நூல்கள் பல கேட்கும் வடிவிலும் பிரெயிலிலும் கிடைக்கின்றன. சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் பிரிவு இருக்கிறது. 2023ல் திறக்கப்பட்ட மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு.

செவித்திறன் குறைந்தவர்களின் நிலைமை இன்னும் கடினம். சென்னை மாநிலக் கல்லூரியில் அவர்களுக்கென்று பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன. அடையாற்றில் செயின்ட் லூயிஸ் காது கேளாதோர் கல்லூரி இருக்கிறது. அண்டை மாநிலத்தில், திருவனந்தபுரத்தின் நிஷ் நிறுவனம் சைகை மொழி வழியே நுண்கலை, கணினி அறிவியல், வணிகவியல் பட்டங்களைத் தருகிறது. வேதியியலோ வரலாறோ சட்டமோ படிக்க விரும்பும் மாணவர் பொதுவான கல்லூரிக்குத்தான் போக வேண்டும். அங்கே சைகை மொழி பெயர்ப்பாளர் இருப்பது அபூர்வம். பி.காம்., பி.சி.ஏ. என்ற இரண்டு வாசல்களோடு ஒரு தலைமுறையே நிற்பது நியாயமே இல்லை. மற்ற துறைகளிலும் பெயர்ப்பாளர்களை நியமிக்க அரசு முன்வர வேண்டும். அதுவரை, பொதுக் கல்லூரியில் சேரும் மாணவர் பாடக் குறிப்புகளை முன்கூட்டியே கேட்டு வாங்கலாம். ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்தபடி பேசாமல் முகம் தெரியப் பேசும்படி கேட்கலாம். போனில் பேச்சை எழுத்தாக்கும் செயலியை வகுப்பில் பயன்படுத்த அனுமதி பெறலாம்.

தேர்வு அறை

ஒரு பருவம் முழுக்கப் படித்தது மூன்று மணி நேரத்தில் வீணாகும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. 2018 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட விதிமுறைகள் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் தருகின்றன. 3 மணி நேரத் தேர்வு 4 மணி நேரமாகிறது. ஸ்கிரைபைத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே மாணவர் சந்திக்கலாம். பார்வையின்மை, இரு கைகளிலும் பாதிப்பு, மூளை முடக்குவாதம் ஆகிய நிலைகளில் கேட்டாலே ஸ்கிரைப் தர வேண்டும். மற்றவர்கள் எழுத முடியாது என்பதற்கு அரசு மருத்துவரின் சான்று காட்ட வேண்டும். மொழித் தாளுக்கு ஒருவர், கணக்குத் தாளுக்கு ஒருவர் என்று மாற்றவும் இடமுண்டு. ஸ்கிரைபே வேண்டாம், கணினியில் தட்டச்சு செய்கிறேன் என்றும் கேட்கலாம்.

விதிகளை அவ்வப்போது திருத்துகிறார்கள். சொந்தமாக ஸ்கிரைபை அழைத்து வரலாமா, அவர் என்ன படித்திருக்கலாம் என்பதில் தேர்வுக்குத் தேர்வு வேறுபாடு உண்டு. நீட், ஜேஇஇ, கியூட் எதுவானாலும் அந்த ஆண்டின் தகவல் கையேட்டில் இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படித்து, விண்ணப்பிக்கும்போதே ஸ்கிரைப் வேண்டும் என்று குறித்துவிட வேண்டும். தேர்வு நாளில் கேட்டால் கிடைக்காது.

ஸ்கிரைபோடு பழகுவது தனிப் பயிற்சி. சொல்கிறவரின் வேகமும் எழுதுகிறவரின் வேகமும் இணங்க வேண்டும். கணக்குச் சமன்பாடுகளையும் படங்களையும் வாயால் சொல்லி எழுத வைப்பது பழகினால்தான் வரும். பழைய வினாத்தாள் ஒன்றிரண்டை அதே ஆளோடு நேரம் வைத்து எழுதிப் பார்ப்பது மதிப்பெண்ணில் தெரியும். தமிழ் வழி மாணவருக்கு, தமிழில் பிழையின்றி வேகமாக எழுதுகிற ஸ்கிரைப் வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆங்கில வழியில் படித்த ஸ்கிரைப் தமிழ் எழுதத் திணறினால் நட்டம் தேர்வெழுதுபவருக்குத்தான்.

கூடுதல் நேரம் உண்டு என்பது தேர்வு மையத்தில் இருப்பவருக்கே தெரியாமல் போகலாம். 2021 நீட் தேர்வில், எழுத்துத் திறன் குறைபாடுள்ள ஒரு மாணவிக்கு அந்த ஒரு மணி நேரத்தைத் தராமல் விடைத்தாளை வாங்கிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அதே ஆண்டு நவம்பரில் வந்த அவ்னி பிரகாஷ் தீர்ப்பு, அந்த அநீதியைச் சரிசெய்யத் தேசியத் தேர்வு முகமைக்கு உத்தரவிட்டது; தேர்வு மையங்களில் உள்ளவர்களுக்கு இந்த உரிமைகள் தெரிந்திருக்க வேண்டும் என்றும் வலியுறுத்தியது. இந்தத் தீர்ப்பின் முதல் பக்கத்தையும் விதிமுறையின் நகலையும் ஹால் டிக்கெட்டோடு எடுத்துச் செல்வது நல்லது.

பணம்

மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, பெயர்பெற்ற நிறுவனங்களில் படிப்போருக்கான டாப் கிளாஸ் உதவித்தொகை, ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் 200 பேருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை ஆகியவை உண்டு. பொறியியல், டிப்ளமோ போன்ற தொழில்நுட்பப் படிப்பில் சேர்ந்தவர்களுக்கு ஏஐசிடிஇயின் சக்ஷம் திட்டம் ஆண்டுக்கு ரூ.50,000 தருகிறது, குடும்ப வருமானம் ரூ.8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் கல்வி உதவித்தொகை, பார்வையற்றோருக்கான வாசிப்பாளர் உதவித்தொகை, இலவசப் பேருந்துப் பயண அட்டை, இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர், திறன்பேசி ஆகியவற்றுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வருமானச் சான்றும் கல்லூரியின் படிப்புச் சான்றும் கேட்பார்கள். நாலைந்து நகல் எடுத்து வைத்துக்கொண்டால் அலைச்சல் குறையும்.

மறுத்தால்

முதலில் எழுதிய கடிதத்துக்கு எழுத்தில் பதில் கேட்க வேண்டும். பதிலே வராவிட்டால் அந்தக் கடிதத்தின் நகலோடு மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குப் புகார் அனுப்பலாம், வக்கீல் தேவையில்லை. சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் ஆணையருக்கு உண்டு. அவர் பரிந்துரை செய்தால் மூன்று மாதத்துக்குள் எடுத்த நடவடிக்கையைச் சம்பந்தப்பட்ட அமைப்பு தெரிவிக்க வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகம், ஐஐடி போன்றவை என்றால் டெல்லியில் உள்ள தலைமை ஆணையரிடம் போக வேண்டும். 5 சதவீத இடங்களில் எத்தனை நிரம்பின, எத்தனை காலி என்று ரூ.10 கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். அந்தக் கேள்வி போன பிறகு அடுத்த ஆண்டு சேர்க்கையில் கல்லூரி கவனமாக இருக்கும். நீதிமன்றம் போகும் நிலை வந்தால், மாற்றுத்திறனாளிகள் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியானவர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

இந்த அத்தியாயத்தைப் படிப்பவர் பிளஸ் ஒன் மாணவரின் பெற்றோராகவோ ஆசிரியராகவோ இருந்தால், இந்த வாரமே யுடிஐடி அட்டையை எடுத்து, செல்லுபடியாகும் தேதியைப் பாருங்கள். அட்டை இல்லையென்றால் இன்றே விண்ணப்பியுங்கள். மருத்துவக் குழுவின் பரிசோதனை, திருத்தம், அட்டை அச்சாகி வருவது என்று எல்லாம் முடிய மாதங்கள் ஆகலாம்.